இடது கால் 150-க்கு மேல் வர மறுக்கிறது: டபுள் பெடல் பழகுபவரின் கேள்வி

பெருங்குடி டிரம்மர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறு வயதிலிருந்தே தேவாலயத்தில் டிரம்ஸ் வாசித்து வருகிறேன். அங்கே பாஸ் டிரம்மை ஒரே காலால் அடிக்கும் ஒற்றைப் பெடல் தாராளமாகப் போதும், இரண்டு கால்களாலும் அடிக்கும் டபுள் பெடல் தேவைப்பட்டதில்லை. வலது காலைக் கொஞ்சம் ஓங்கி மிதித்தாலே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது அலுவலக நண்பர்கள் சிலரோடு சேர்ந்து மெட்டல் இசைக்குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம். மெட்டாலிக்காவின் 1988-ஆம் ஆண்டுப் பாடலான 'ஒன்' எங்கள் பட்டியலில் இருக்கிறது. அதன் பிற்பாதியில் கிதாரும் பாஸ் டிரம்மும் ஆறு ஆறாகச் சேர்ந்து வெடிக்கும் இடத்தை எப்படியோ சமாளித்துவிடுகிறேன், ஏனென்றால் ஆறு அடித்ததும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. சிக்கல் எங்கள் சொந்தப் பாடலில்தான். அதை எழுதிய எங்கள் கிதார் கலைஞர், 170 பிபிஎம் (நிமிடத்துக்கு 170 பீட்) வேகத்தில் எட்டு பார் (தாளச் சுற்று) முழுவதும் இடைவெளியே இல்லாமல் சிக்ஸ்டீன்த் நோட்டுகள், அதாவது ஒரு பீட்டுக்கு நான்கு அடி, வேண்டும் என்கிறார்.

140 வரை ஒழுங்காக வருகிறது. 150-இல் இடது கால் பின்தங்குகிறது. கைபேசியில் பதிவு செய்து கேட்டால் 'தகதிமி தகதிமி' என்று சமமாக இல்லாமல், 'தக்க தக்க' என்று நொண்டுகிறது. 160-க்குப் போனால் இரண்டு கால்களும் இறுகிவிடுகின்றன. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரிகிறது. இரண்டு பார் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறேன்.

பெடல் பழையது, செயின் வகை, ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். இடது பக்கம் எப்போதும் கனமாகவே தெரிகிறது. வாரத்தில் இரண்டு மாலை, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டுடியோவில் பயிற்சி. வீடு மூன்றாவது மாடி, கீழே வீட்டு உரிமையாளர். அதனால் வீட்டில் தரையில் காலைத் தட்டுவதோடு சரி.

என் சந்தேகங்கள்: இது கால் பலக் குறைவா? ஹீல்-டோ முறையைக் கற்றுக்கொண்டால் இந்தத் தடையைத் தாண்டலாமா? அல்லது செயின் இல்லாத டைரக்ட் டிரைவ் பெடல் வாங்கிவிட வேண்டுமா? அதன் விலை என் ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது. அதனால்தான் முதலில் இங்கே கேட்கிறேன்.

---

இரட்டை அடி எழுதியது:

கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு பழகுங்கள். மெட்டல் டிரம்மர் ஜீன் ஹோக்லன் அப்படித்தான் பழகினார் என்று படித்திருக்கிறேன். எடையைக் கழற்றியதும் கால் காற்றாகிவிடும். லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியேறுங்கள். ஒரு சில மாதங்களில் 170 வந்துவிடும்.

---

பழைய பெடல் எழுதியது:

தம்பி, எடையெல்லாம் பிறகு பார்க்கலாம். உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது.

பலம் குறைந்த காலுக்கு எல்லா வேகத்திலும் சற்று நேரத்தில் களைப்பு வரும். உங்களுக்கோ 140-இல் தொல்லை இல்லை, 150-இல் நொண்டுகிறது, 160-இல் இறுகுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உடைகிறது என்றால் அந்த வேகத்துக்குப் பொருந்தாத அசைவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று பொருள். பெங்களூரில் இத்தனை காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் நான் மிக அதிகமாகப் பார்த்த ஒரே நோய் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். 120-இல் சிக்ஸ்டீன்த் என்றால் நொடிக்கு எட்டு அடி, காலுக்கு நான்கு. 150-இல் நொடிக்குப் பத்து, காலுக்கு ஐந்து. உங்கள் கிதார் கலைஞர் கேட்கும் 170-இல் நொடிக்குப் பதினொன்றைத் தாண்டுகிறது. இப்போது நீங்கள் ஒவ்வோர் அடிக்கும் தொடையை இடுப்பிலிருந்து தூக்கிப் போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தேவாலயத்தில் ஓங்கி மிதித்துப் பழகியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாசிப்பார்கள். தவறில்லை, அழுத்தமான சத்தத்துக்கு அதுவே சரியான அசைவு. ஆனால் மனித உடலில் தொடைதான் மிகக் கனமான பாகங்களில் ஒன்று. அதை நொடிக்கு ஐந்தாறு முறை தூக்கி இறக்கச் சொன்னால் உடல் மறுக்கும். மறுப்பதன் அடையாளம்தான் அந்த இறுக்கம்.

அந்த வேகத்தில் தொடை ஓய்ந்து, கணுக்கால் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாற்றம் எந்த இடத்தில் நிகழும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. நான் பார்த்தவரை பெரும்பாலோருக்கு 150-க்கும் 180-க்கும் நடுவே. அந்த இடைவெளியில் இரண்டு அசைவுமே வசதியாக இருக்காது. தொடைக்கு அது மிகை வேகம், கணுக்காலுக்கு அது குறை வேகம். உங்கள் பாடல் சரியாக அதன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிதார் கலைஞருக்கு என் பாராட்டுகள்.

இங்கேதான் பலரும் 150, 152, 154 என்று மெட்ரோனோமை (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) அரைப்படி அரைப்படியாக ஏற்றிக்கொண்டே போய் வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறார்கள். தொடை அசைவை எவ்வளவு மெருகேற்றினாலும் அது தானாகக் கணுக்கால் அசைவாக மாறாது. மேலே போய்க் கீழே வாருங்கள். மெட்ரோனோமை 185-இல் வையுங்கள். எட்டு பார் வேண்டாம், ஒரே ஒரு பீட் போதும். நான்கு அடி, அடுத்த பீட்டின் முதல் அடியில் இறங்கி நில்லுங்கள். மொத்தம் ஐந்து அடி. பிறகு இரண்டு பீட் சும்மா இருங்கள். மறுபடி ஐந்து. அந்த வேகத்தில் தொடையால் அடிக்கவே முடியாது என்பதால் கால் வேறு வழியின்றிக் கணுக்காலைத் தேடிக்கொள்ளும். அந்த உணர்வு பிடிபட்டதும் 180, 175, 170 என்று கீழே கொண்டுவாருங்கள். அதன் பிறகே பீட்டுகளை நீட்டுங்கள்.

காலை எப்படி வைப்பது? பாதத்தின் முன்பகுதி பலகையின் உச்சியில் இருக்க வேண்டாம். சற்றுப் பின்னே, விரல் நுனிக்கு மேலே பலகை கொஞ்சம் தெரியும்படி வையுங்கள். குதிகால் பலகையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் மிதக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். தொடை அசையக் கூடாது. தொடை மீது ஒரு கையை வைத்துக்கொண்டு அந்தக் காலாலேயே எய்ட்த் நோட்டுகள் (ஒரு பீட்டுக்கு இரண்டு அடி) அடித்துப் பாருங்கள், ஏமாற்றினால் கை சொல்லிவிடும். பாதம் பலகையை விட்டு எழவே கூடாது. ஊஞ்சலைத் தள்ளுகிறவன் அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தொட்டுவிடுவதைப் போல, பீட்டர் (டிரம்மை அடிக்கும் சுத்தி) தோலில் பட்டுத் திரும்பி வருவதைப் பாதம் உணர்ந்து அடுத்த தள்ளலைக் கொடுக்க வேண்டும். பீட்டரைத் தோலோடு அழுத்திப் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த வேகத்தில் அதை விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை.

சத்தம் குறையும். குறையட்டும். நைல் குழுவின் டிரம்மர், கிரேக்கரான ஜார்ஜ் கோலியாஸ் வாசிக்கும்போது காலை மட்டும் காட்டும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். அவற்றில் தொடையைப் பாருங்கள், பிறகு உங்கள் தொடையைப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

இடது கால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களையும் சேர்த்து வாசிக்கும்போது வலது கால் இடதுக்காகப் பொய் சொல்லும். 170-இல் சிக்ஸ்டீன்த் வேண்டுமென்றால் ஒவ்வொரு காலும் தனியாக 170-இல் எய்ட்த் நோட்டுகளை ஒரு நிமிடம் சமமாக அடிக்க வேண்டும். வலதுக்கு அது வரும், இடதுக்கு வராது என்றே நினைக்கிறேன். சோதித்துவிட்டு எந்த எண்ணில் எந்தக் கால் உடைகிறது என்று எழுதுங்கள்.

இடதை எழுப்புவதற்கு நம் ஊர்ச் சொற்கட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 'தகதிமி' சொல்லி வலதில் தொடங்கினால் 'த', 'தி' வலதுக்கும் 'க', 'மி' இடதுக்கும் போகும். காலம் முழுவதும் இடது கால் பலமில்லாத எழுத்துகளையே வாசிக்கும். அதனால் இடதில் தொடங்குங்கள். பிறகு 'தகிட' என்று மூன்றாகவும், 'தகதகிட' என்று ஐந்தாகவும் சொல்லி, கால்களை மாற்றி மாற்றியே வையுங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஒவ்வொரு முறையும் 'த' எதிர்க் காலில் வந்து விழும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'த' மீது அழுத்தம் கொடுக்க வேண்டும். இடதில் விழும் 'த' மெலிந்து கேட்டால் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். இதற்கு 90, 100 வேகம் போதும், இங்கே குதிகாலைக் கீழே வைத்துக்கூட வாசிக்கலாம். மெதுவாக வாசிப்பது கேவலம் என்று நினைக்கிற பையன்கள் என்னிடம் நீடிப்பதில்லை.

ஹீல்-டோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன், இப்போது வேண்டாம். அது ஒரே அசைவில் குதிகாலால் ஓர் அடியும் நுனிப்பாதத்தால் ஓர் அடியும் எடுக்கும் வித்தை. வலதில் இரண்டு, இடதில் இரண்டு என்று வாசிக்க நேரும். இரண்டு அடிகளும் ஒரே கனத்தில் விழுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும், பெடலையும் அதற்கேற்றபடி மாற்றி அமைக்க வேண்டும். உங்கள் இடது கால் ஓர் அடியையே சமமாகத் தராதபோது அதனிடம் இரண்டு கேட்பது நியாயமில்லை.

இனி பெடல். இடது கனமாகத் தெரிவது உங்கள் மனப்பிரமை இல்லை. இரண்டு பாஸ் டிரம் வைத்து வாசிக்கும் யோசனையை ஜாஸ் டிரம்மர் லூயி பெல்சன் 1930-களின் இறுதியில் பள்ளிப் பையனாக இருந்தபோதே தாளில் வரைந்துவிட்டார். அப்படி வாசித்தவர்களுக்கு இரு காலுக்கும் ஒரே மாதிரிப் பெடல். 1983-இல் டிடபிள்யூ நிறுவனத்தின் 5002 வந்து, டபுள் பெடல் பரவலான பிறகு ஒற்றை டிரம்மே போதும் என்றாகிவிட்டது. வண்டி வாடகை மிச்சமானது, அதற்கான கட்டணத்தை இடது கால் செலுத்துகிறது. இடது பலகைக்கும் பீட்டருக்கும் நடுவே ஒரு தண்டும் அதன் இரு முனைகளிலும் வளையும் மூட்டுகளும் இருக்கின்றன. அத்தனையையும் இடது கால்தான் சுழற்ற வேண்டும்.

ஆகவே பெடலை வாங்குவதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். பலகையை விரலால் ஒருமுறை அழுத்தி விட்டுவிடுங்கள். பீட்டர் எத்தனை ஆட்டம் ஆடி நிற்கிறது, எந்த வேகத்தில் ஆடுகிறது என்று வலதையும் இடதையும் ஒப்பிடுங்கள். இடது சோம்பலாக ஆடினால் அதன் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இறுக்குங்கள். இரண்டும் ஒன்றுபோல ஆடும்வரை இறுக்க வேண்டும், திருகாணிகள் சம உயரத்தில் தெரிகின்றனவா என்று பார்த்துப் பயனில்லை. தண்டு கூடியவரை நேர்கோட்டில் இருக்கட்டும். மூட்டு அதிகமாக வளைந்திருந்தால் சுழற்சியே சீராக இருக்காது, அடியின் நடுவில் ஒரு தயக்கம் தெரியும். மூட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் அந்த ஆட்டம் உங்கள் ஒவ்வோர் அடியிலிருந்தும் ஒரு துளி நேரத்தைத் திருடுகிறது. இரு பீட்டர்களும் தோலிலிருந்து ஒரே தூரத்தில், ஏறக்குறைய 45 பாகையில் நிற்கட்டும்.

டைரக்ட் டிரைவ் நல்ல பொருள்தான். செயினில் இருக்கும் சிறு தளர்வு அதில் இருக்காது. ஆனால் உங்கள் தொடையை அது நிறுத்தித் தராது. வாடகையைக் கட்டுங்கள்.

'இரட்டை அடி' சொன்ன எடை பற்றி ஒரே வரி. ஹோக்லன் போலக் காலை முழுதாகத் தூக்கி நெடுநேரம் ஓங்கி வாசிப்பவர்களுக்கு அது உதவலாம். கணுக்கால் அசைவைக் கற்க வேண்டிய நேரத்தில் எடை கட்டினால் தொடைதான் மறுபடி எழுந்து வரும்.

---

மதுரை பிசியோ எழுதியது:

நான் டிரம்மர் இல்லை, என் தம்பி டிரம்மர். தொழில் பிசியோதெரபி. மேலே உள்ளவர் சொன்னதில் உடல் பற்றிய பகுதியை மட்டும் கொஞ்சம் விரிக்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரிவது பாதத்தை மேல்நோக்கி இழுக்கும் தசை. டிபியாலிஸ் ஆன்டீரியர் என்போம். பாதத்தைக் கீழே தள்ளுவது கெண்டைக்கால் தசை. பதற்றத்தில் வாசிக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒன்று தள்ள, மற்றது தடுக்க, கால் தனக்குத்தானே எதிராக வேலை செய்கிறது. அதனால்தான் இரண்டே பாரில் எரிச்சல். 'பெடல் திருப்பித் தள்ளட்டும்' என்று அவர் சொல்வதன் உடற்கூற்று விளக்கமும் இதுவே. பாதத்தை நீங்களே தூக்க வேண்டியதில்லை, தூக்கும் வேலையில் ஒரு பங்கை ஸ்பிரிங் ஏற்றுக்கொண்டால் முன்பக்கத் தசைக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும்.

ஐந்து அடி, பிறகு ஓய்வு என்ற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. எரிச்சல் தொடங்கும் முன்பே நிறுத்துவதால் இறுக்கத்தோடு வாசிக்கும் பழக்கம் உடலில் பதியாது. எரிய எரிய வாசித்தால்தான் பலம் வரும் என்பது உடற்பயிற்சிக் கூடத்துப் பேச்சு, நுண்ணிய அசைவுகளுக்கு அது ஒத்துவராது.

இருக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. வாடகை ஸ்டுடியோ என்கிறீர்கள், அங்கே ஒவ்வொரு முறையும் வேறொருவர் உட்கார்ந்துவிட்டுப் போன உயரத்தில்தான் ஸ்டூல் இருக்கும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி ஏற்றிக்கொள்ளுங்கள். தாழ உட்கார்ந்தால் தொடையைத் தாங்கி நிற்கும் இடுப்பு முன்தசை சீக்கிரம் களைத்துவிடும், முதுகும் வளையும். ஸ்டூலின் முன் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தக் கூடாது. வாசிக்கும்போது கால் மரத்துப்போனால் முதலில் அந்த விளிம்பைச் சந்தேகியுங்கள். உங்களுக்குச் சரியான உயரத்தை ஒரு முறை தரையிலிருந்து அளந்து கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாலையும் தேட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. இரு பக்கமும் பரவலாக எரிந்து, நிறுத்திய சற்று நேரத்தில் அடங்கினால் அது களைப்பு. எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் குத்தினாலோ, மறுநாள் நடக்கும்போதும் வலித்தாலோ, பாதத்தில் மதமதப்பு இருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரை நேரில் பாருங்கள். இணையத்தில் கேட்க வேண்டாம், என்னிடமும் கேட்க வேண்டாம்.

---

ஈசூன் மாடிவீடு எழுதியது:

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறேன். கீழ் வீட்டாரோடு சமாதானமாக வாழ்வதில் எனக்கு அனுபவம் உண்டு, டிரம்ஸில் அவ்வளவாக இல்லை.

தரையில் காலைத் தட்டிப் பழகுவதால் பெரிய பயன் இல்லை. தரை திருப்பித் தள்ளாது. பழைய பெடல் ஐயா கற்பிக்கும் விஷயமே திருப்பித் தள்ளுவதைப் பற்றியது. இரண்டு பீட்டர்களும் படும் அளவுக்கு அகலமான பாஸ் டிரம் பயிற்சிப் பேட் கிடைக்கிறது, அதில் உங்கள் பெடலையே மாட்டலாம். காதுக்கு வரும் சத்தம் மிகக் குறைவு. ஆனால் கீழ் வீட்டுக்குப் போவது வேறு வகை: மிதி அதிர்வு தரை வழியாக இறங்கும். மின்னணு டிரம்ஸ் வாங்கிவிட்டு, ஹெட்போன் போட்டிருக்கிறேனே, கீழே எப்படிக் கேட்கும் என்று வியப்பவர்கள் எல்லோரும் இதை மறந்தவர்கள்.

டென்னிஸ் பந்து மேடை செய்யுங்கள். இரண்டு கனமான ஒட்டுப்பலகைகள். கீழ்ப் பலகையில் பந்தைவிடச் சிறிய வட்டத் துளைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு டென்னிஸ் பந்தை உட்கார வைத்து, மேலே மற்றப் பலகையை வைக்க வேண்டும். பெடலும் ஸ்டூலும் இரண்டுமே மேடைமேல் இருக்கட்டும். பழைய பந்துகளை டென்னிஸ் பயிற்சி நடக்கும் மைதானங்களில் மலிவாகத் தருவார்கள். அதிர்வு முழுதாக நிற்காது, பெருமளவு குறையும். மிச்சத்துக்கு, வீட்டு உரிமையாளர் மாலை நடைக்குப் போகும் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

---

இரட்டை அடி எழுதியது:

எடை யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. கணுக்காலால் வாசித்தால் சத்தம் குறையும் என்கிறீர்கள். ஆல்பங்களில் 200-க்கு மேல் வாசிப்பவர்களின் ஒவ்வோர் அடியும் துப்பாக்கி போல ஒரே அளவில் கேட்கிறதே?

---

பழைய பெடல் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த வகை இசையில் பெரும்பாலும் பாஸ் டிரம்மின் விளிம்பில் டிரிகர் என்ற உணர்கருவியைப் பொருத்துகிறார்கள். மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும், முன்பே பதிவு செய்து வைத்த ஒரே ஒலியை அது எழுப்பும்படி செய்யலாம். ஒலிப்பதிவுக்குப் பிறகு கணினியிலும் ஒலியை மாற்றுகிறார்கள், நேரத்தைக்கூட நகர்த்திச் சீராக்குகிறார்கள். ஏமாற்று வேலை என்று சிலர் கூச்சலிடுவார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. மூன்று கிதார்கள் அலறும் மேடையில் நொடிக்குப் பன்னிரண்டு பாஸ் டிரம் அடிகள் தெளிவாகக் கேட்க வேறு வழி குறைவு. மேலும் டிரிகர் அடியின் கனத்தைத்தான் சமமாக்கும். நேரம் தவறினால் அதையும் மிகத் தெளிவாக ஊருக்குக் கேட்கவைக்கும். கேட்கும் ஒலியைக் காலுக்கு இலக்காக வைக்காதீர்கள் என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

---

பெருங்குடி டிரம்மர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை ஸ்டுடியோவில் பாதி நேரத்தை வாசிக்காமல் சோதனையிலேயே கழித்தேன்.

ஒற்றைக் கால் சோதனை: வலது கால் 165 வரை ஒரு நிமிடம் நின்றது. இடது கால் 145-இலேயே தடுமாறியது. அண்ணா சொன்னது சரி, வலது கால் இத்தனை நாளும் இடதுக்குச் சேர்த்துப் பொய் சொல்லியிருக்கிறது.

விரல் சோதனை: வலது பீட்டர் நெடுநேரம் ஆடியது, இடது இரண்டு மூன்று ஆட்டத்தில் நின்றுவிட்டது. தண்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மூட்டில் கறுத்த பிசுக்கு. துடைத்து எண்ணெய் விட்டேன். இன்னொரு முனையில் திருகாணி தளர்ந்திருந்தது, இறுக்கினேன். ஸ்பிரிங்கையும் சற்று ஏற்றிய பிறகு ஏறக்குறைய ஒன்றுபோல ஆடுகின்றன. கனம் பாதியாகக் குறைந்ததுபோல இருக்கிறது.

185-இல் ஐந்து அடி: முதலில் எதுவுமே வரவில்லை. பாதத்தைப் பின்னுக்கு நகர்த்தியதும் திடீரென்று ஒரு முறை வந்தது, பிறகு போய்விட்டது, மறுபடி வந்தது. வரும்போது நான் எதுவும் செய்யாததுபோல இருக்கிறது.

ஸ்டூலை ஏற்றினேன். முன்கால் எரிச்சல் நேற்று இல்லை, ஆனால் தொடர்ச்சியாக வாசிக்கவும் இல்லை, எனவே இப்போதே எதுவும் சொல்லமாட்டேன்.

இரண்டு சந்தேகங்கள் மீதி. ஒன்று, இடது காலை ஹை-ஹாட்டிலிருந்து (காலால் திறந்து மூடும் சிம்பல் ஜோடி) எடுத்ததும் அது திறந்துகொண்டு இரைகிறது, எட்டு பாருக்கும் கையால் எதை வாசிப்பது? இரண்டு, ஷூ போட வேண்டுமா, வெறும் காலா? ஸ்டுடியோவில் ஏசி சரியில்லாத நாளில் வியர்வையில் வழுக்குகிறது.

---

பழைய பெடல் எழுதியது:

'எதுவும் செய்யாததுபோல இருக்கிறது' என்று எழுதினீர்களே, அதுதான். அந்த உணர்வு வந்து வந்து போகும், கட்டாயப்படுத்தினால் ஓடிவிடும். இடது கால் தனியாக 145-இல் நிற்கும்வரை இரண்டையும் சேர்த்து நீண்ட பார்கள் வேண்டாம். ஐந்து அடிகளும் சொற்கட்டும் இடது கால் தனிப் பயிற்சியும் மட்டும். வலது கால் பொறாமைப்படட்டும்.

ஹை-ஹாட்டுக்கு டிராப் கிளட்ச் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. கம்பியில் மேல் சிம்பலைப் பிடித்திருக்கும் கிளட்சுக்குப் பதிலாக அதை மாட்டிக்கொள்ளலாம். அதன் நெம்புகோலைக் குச்சியால் ஒரு தட்டு தட்டினால் மேல் சிம்பல் கீழே விழுந்து மூடிக்கொள்ளும், கால் இல்லாமலே மூடியபடி இருக்கும். பிறகு ஹை-ஹாட் பெடலை மிதித்தால் மறுபடி மாட்டிக்கொள்ளும். விழுந்த சிம்பல் தன் எடையில் மட்டும் கிடப்பதால் இறுக்கமான ஒலி வராது, மெட்டலுக்கு அது போதும். அது வரும்வரை எட்டு பாருக்கும் ரைடு சிம்பலுக்குப் போங்கள். இடது பெடலை ஹை-ஹாட் பெடலோடு ஒட்டி, கால் சறுக்கிப் போகும் தூரத்தில் வையுங்கள். ஆனால் அதற்காகத் தண்டை வளைத்துவிடாதீர்கள், ஹை-ஹாட் தாங்கியை நகர்த்துங்கள். சில தாங்கிகளில் கால்களைச் சுழற்றி இடம் பண்ணலாம், ஸ்டுடியோக்காரரிடம் கேளுங்கள்.

ஷூ: அடித்தோல் மெல்லிய, தட்டையான கேன்வாஸ் ஷூ. ஓட்டப் பயிற்சிக்குப் போடும் தடித்த மெத்தை ஷூ வேண்டாம், பலகை திருப்பித் தள்ளுவது உள்ளங்காலுக்கே எட்டாது. வெறும் காலோடு வாசிப்பவர்கள் உண்டு. சென்னை வியர்வையில் உலோகப் பலகைமேல் அது நடக்காது. அந்த ஷூவைப் பெடல் பையிலேயே போட்டு வையுங்கள், வெளியே போட்டு நடக்காதீர்கள். அடியில் மணல் ஒட்டினால் பாதம் நகர வேண்டிய இடத்தில் நகராது.

கடைசியாக, உங்கள் கிதார் கலைஞரிடம் பேசுங்கள். இப்போதைக்கு அந்த எட்டு பாரை 170-இலேயே வைத்துக்கொண்டு, ஒரு பீட் சிக்ஸ்டீன்த், ஒரு பீட் எய்ட்த் என்று மாற்றி மாற்றி வாசிக்கலாம். கேட்பவர்களுக்கு வேகம் குறைந்ததுபோலத் தெரியாது, கிதாரும் அதோடு சேர்ந்து வெட்டினால் இன்னும் கனமாகவே இருக்கும். ஒப்புக்கொள்ள மறுத்தால், அதே எட்டு பாரை அதே வேகத்தில் சிக்ஸ்டீன்த் முழுவதும், கிதாரில் மேலும் கீழுமாக மாற்றாமல், கீழ்நோக்கிய அடியாகவே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

---

பெருங்குடி டிரம்மர் எழுதியது:

காட்டச் சொன்னேன் அண்ணா. ஒரு பீட் சிக்ஸ்டீன்த், ஒரு பீட் எய்ட்த் என்று முடிவாகியிருக்கிறது.